ஒரு கம்புக்கு இடம் விட்டிருக்கிறேன்

அன்புள்ள மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் முதல் பாதி பொய்யாகிவிடும். இரண்டாம் பாதி மட்டும் உண்மை. மூன்று பாஸ்குத் திருநாளாக நீ மலையேறி வரவில்லை. ஆவலைத் தவிர என்னிடம் வேறென்ன மிச்சம் இருக்கிறது? போன வாரம் உன் கடிதம் வந்தது. ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கம் மேட்டூர் வெயில். மீதி அரைப் பக்கத்தில் ஒரு சேதி: பூசை தமிழுக்கு மாறிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் பீடத்தருகே நின்று வேதத்திலிருந்து நிருபம் வாசிக்கும்படி உங்கள் பங்குச் சாமியார் உன்னைக் கேட்டிருக்கிறார், நீ முடியாது என்று சொல்லிவிட்டாய். 'உபதேசியார் மகனாக இருந்ததே போதும்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரியில் மட்டும் பேனாவை அழுத்தியிருக்கிறாய். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் தெரிகிறது.

அந்த வரி உன் அப்பாவுக்கு எழுதியது என்று எனக்குத் தெரியும். அவர் மண்ணுக்குள் போய் ஆறு வருஷமாகிறது, இன்னும் நீ அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாய். உன் தங்கையைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார் என்பதுதானே உன் சண்டை? பெற்ற மகளிடம் கூட அப்பனாக நடக்காமல் உபதேசியாராக நடந்தார் என்பதுதானே? அந்தக் குற்றம் அவருடையது இல்லை, கண்ணு. என்னுடையது. இதை எழுதுவதற்கு நான் பன்னிரண்டு வருஷம் எடுத்துக்கொண்டேன். படித்து முடித்த பிறகு நீ என்னையும் விட்டுவிடக்கூடும். அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீ அவரைப் பாதிதான் பார்த்தாய். இந்த மலைக்குச் சாமியார் மாதம் ஒரு தடவை வருவார். பேளுக்குறிச்சியிலிருந்து நடந்து, பூசைப் பெட்டியை ஓர் ஆள் சுமக்க, மூச்சு வாங்க வந்து சேருவார். மழைக்காலம் என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. அவர் வந்தால் பூசை. வராத நாளெல்லாம் உன் அப்பா. மணி அடிப்பது, செபமாலை சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிறவர்களின் காதில் பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாப மந்திரம் சொல்வது, செத்தவர்களை அடக்கம் செய்வது எல்லாம் அவர்தான். அர்த்தம் தெரியாத லத்தீனை அவ்வளவு நம்பிக்கையோடும் அவ்வளவு சுருதி தப்பியும் பாடின மனிதரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. செம்மேட்டுச் சந்தைக்கு உப்பு வாங்க அனுப்பினால், வழியில் மூன்று வீட்டில் நோயாளிகளுக்கு ஜெபம் சொல்லிவிட்டு உப்பில்லாமல் திரும்பி வருவார். "உப்பு எங்கீங்க?" என்று கேட்டால், "அட, அதுக்குத்தான் போனனா?" என்பார். அப்படிப்பட்டவரைத்தான் நீ கல்நெஞ்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சாமியார் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிற ஊரில் குழந்தை பிறந்து உயிருக்குப் போராடினால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதை எல்லாருக்கும் அவர் வருஷத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொடுப்பார். உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு சுரைக்காயைக் குழந்தைத் தலையாக வைத்து, செம்பில் தண்ணீர் எடுத்து, பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்று மூன்று பேரையும் சொல்லி மூன்று தடவை ஊற்றிக் காட்டுவார். பிறகு ஒவ்வொருவராக வந்து ஊற்ற வேண்டும். பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். அந்தப் பாடத்தின் கடைசியில் ஒன்று சொல்வார்: "பெத்தவங்க மட்டும் ஊத்தக் கூடாதுங்க. வேற யாரையாச்சும் கூப்புடோணும்." அவருக்கு எந்தச் சாமியார் சொல்லிக்கொடுத்தாரோ, அவ்வளவுதான் அவருக்கும் தெரியும். ஏன் கூடாது என்று அவர் சொன்னதில்லை. எனக்கு மட்டும் ஏன் என்று தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிறந்த ஊரில், கீழே, ஒரு பேச்சு உண்டு. தாய் தன் பிள்ளைக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் அவளுக்கும் புருஷனுக்கும் நடுவில் அண்ணன் தங்கை மாதிரி ஒரு ஞான உறவு வந்துவிடுமாம். அதற்குமேல் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக வாழக் கூடாதாம். அப்படி ஒரு ஜோடியைச் சாமியாரே பிரித்து வைத்தார் என்று பெண்கள் பேசிக்கொள்வதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். யார் அந்த ஜோடி, எந்த ஊர் என்று ஒருத்திக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பயம் என்னோடு மலையேறி வந்துவிட்டது.

நீ அப்போது சேலத்தில் போர்டிங்கில் ஆறாவது படித்துக்கொண்டிருந்தாய். ஐப்பசி மழை. பிள்ளை பிறந்து பதினொரு நாள். அடுத்த வாரம் சாமியார் வருகிறார், கோயிலில் வைத்து முறைப்படி ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்று இருந்தோம். அன்று காலையில் தூரத்துக் குடியிருப்பில் ஒரு பெரியவர் அடக்கத்துக்கு உன் அப்பா போய்விட்டார். மழை கொஞ்சம் விட்டிருந்ததால் ஊரே சாமை அறுக்கப் போயிருந்தது. பிள்ளைக்குத் திடீரென்று வெட்டி இழுத்தது. உதடு நீலமாகிவிட்டது. வாசலில் நின்று கத்தினேன், இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தேன், ஒரு நாய்தான் எழுந்து வந்தது. திரும்பி உள்ளே வந்து செம்பை எடுத்தேன். சுரைக்காயில் பழகின கைதான். நடுங்காமல் மூன்று தடவை ஊற்றினேன், மூன்று பேரையும் சொன்னேன், அருளாயி என்று பேர் வைத்தேன். அவள் தண்ணீர் பட்டதும் முகத்தைச் சுளித்தாள். அதற்குப் பிறகு அரை மணி நேரம் என் மடியில் இருந்தாள். உன் தங்கைக்குப் பேர் இருந்தது, கண்ணு. நீ இத்தனை வருஷமாகப் 'பாப்பா' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

உன் அப்பா மத்தியானம் வந்தார். அடக்கத்துக்கென்று வைத்திருந்த அந்தப் பழுப்புக் கோட்டைக் கூடக் கழற்றவில்லை. பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?" என்றார்.

"ஊட்ல யாருமே இல்லீங்க" என்றேன்.

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லீங்க."

இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் நான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை. அதைவிடப் பெரிய பொய்யை நான் பிறகு சொன்னதில்லை. பிள்ளையை இழந்த அதே நாளில் புருஷனையும் இழக்க எனக்குத் தைரியம் இல்லை. சட்டம் என்றால் அவர் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அன்று முதல் கோயிலிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார், என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவார் என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது என்பது அந்த நாள் சட்டம். அதற்கு முந்தின வருஷம்தான் அந்தோணியம்மாளின் ஆண்பிள்ளை பிறக்கும்போதே இறந்து, உன் அப்பா அதை வேலிக்கு வெளியே புதைக்கச் சொல்லியிருந்தார். அவள் அவர் காலைப் பிடித்து அழுதாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர மாற்றிச் சொல்லவில்லை. அப்படியிருக்க, தன் பிள்ளைக்கு மட்டும் வேலியைத் தாண்ட அவரால் முடியுமா? அந்தோணியம்மாளின் பிள்ளைக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார். அவள் புருஷன் வந்து, "மம்பட்டியக் குடுங்க, நான் வெட்டறனுங்க" என்று கையை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை. நான் கோயில் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் பத்தடி உள்ளே வந்திருப்பாள். நான் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வந்தாய். வந்த அன்றே கேட்டாய். "அது சட்டம் கண்ணு" என்றார் அவர். "உங்க சட்டமா, சாமி சட்டமா?" என்றாய். அவர் எழுந்து மணி அடிக்கப் போய்விட்டார். அன்று முதல் அவர் எதைக் கேட்டாலும் நீ 'ம்' என்ற ஒற்றை எழுத்தில் பதில் சொன்னாய். அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாய். உங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நான் இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம், சாமியார் வந்த பிறகு சொல்லலாம், நீ பெரியவனான பிறகு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். நாளாக நாளாகச் சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. முதல் நாள் பயத்தால் சொல்லவில்லை, பிறகு வெட்கத்தால் சொல்லவில்லை.

உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, அதற்குப் பிறகு உன் அப்பா சுரைக்காயைத் தொடவே இல்லை. பாடம் நடத்தும்போது வெறும் கையைக் குவித்துக் காட்டினார். நம் வீட்டில் சுரைக்காய் சமைப்பதும் நின்றுபோனது, நீ ஏன் என்று கேட்டதில்லை. இரண்டு, தினமும் சாயங்காலம் மணி அடித்துக் கோயிலைப் பூட்டின பிறகு நேராக வீட்டுக்கு வரமாட்டார். வேலிப் பக்கம் போய் வருவார். ஆடு மாடு நுழைந்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பிடக் கூப்பிடப் போனபோது, வேலிக்கு வெளியே, இரண்டு மேட்டுக்கும் நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு, "வேலி கொஞ்சம் சரி பண்ணோணும்" என்றார்.

அவர் காய்ச்சலில் கிடந்தபோது சாமியாருக்கு ஆள் அனுப்பினோம். ஓடையில் தண்ணீர் அதிகமாகி அவர் வந்து சேரவில்லை. எத்தனையோ பேருக்குக் கடைசி மந்திரம் சொன்னவருக்கு நான்தான் சொன்னேன். வீடு நிறைய ஆட்கள். நடுவில் கண்ணைத் திறந்து, "அன்னிக்கு நான் பாப்பாகிட்ட இருந்திருக்கோணும்" என்றார். நான் குனிந்து அவர் காதோடு, "நான் ஊத்தீட்டனுங்க. அருளாயின்னு பேரு வெச்சனுங்க" என்று சொன்னேன். கேட்டதா என்று தெரியவில்லை. அவர் கை என் கைக்குள் இருந்தது. அது அழுத்தவும் இல்லை, விடவும் இல்லை. அவருக்குக் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஏங்காத நாள் கிடையாது. நீ மறுநாள் அடக்கத்துக்கு வந்து, தள்ளி நின்று, அடுத்த நாள் போய்விட்டாய்.

அப்புறம் கோயில் சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. பெண்பிள்ளை முன்னால் நின்று ஜெபம் சொல்லலாமா என்று ஒரு பெரியவர் ஆட்சேபித்தார். அப்படியானால் நீங்களே சொல்லுங்கள் என்றேன். செபமாலையில் துக்க தேவ இரகசியம் ஐந்தில் மூன்றாவதுக்கு மேல் அவருக்கு வரவில்லை. சாவி என் இடுப்புக்கு வந்தது. அந்த வேலையைச் செய்யத் தொடங்கின பிறகுதான் உன் அப்பாவை எனக்குப் புரிந்தது. சாமியார் மாதத்தில் ஒரு நாள் வருகிறார். மீதி நாளெல்லாம் பிறப்பும் சாவும் சண்டையும் நம் தலையில்தான் விழுகின்றன. தெரிந்தது பாதி, தெரியாதது பாதியாக ஏதோ ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னது தவறாகிவிட்டால் அதையும் நாம்தான் சுமக்க வேண்டும்.

இத்தனை வருஷம் தட்டிக்கழித்துக்கொண்டிருந்த அந்த ஞானஸ்நானப் பாடத்தை இந்த வருஷம்தான் நடத்தினேன். பிள்ளை உண்டாகியிருந்த ஒரு பெண் எழுந்து, "பெத்தவங்க ஊத்துனா என்னாகுமுங்க?" என்று கேட்டாள். சாமியார் வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இப்போது வருகிறவர் உன்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், தமிழ்ப் பூசையைப் புதுச் சட்டை போட்ட மாதிரி சந்தோஷமாகச் செய்கிறார். பூசை முடிந்து காப்பி கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்காகக் கேட்பதுபோல ஆரம்பித்து, என் கதை முழுவதையும் சொல்லிவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "அது நல்ல ஞானஸ்நானம்தாம்மா. வேற ஆள் இல்லாத ஆபத்துல தாயும் கொடுக்கலாம். புருஷன் பெண்டாட்டி பிரியணும்னு யார் சொன்னாங்க?" என்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும் பதிலுக்காக, ஒரு பிள்ளையை வெளியே கிடத்தி, ஒரு மனிதரைத் தினமும் செருப்பில்லாமல் நிற்க வைத்து, உன்னையும் தொலைத்திருக்கிறேன். அவர் ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து அருளாயி என்று எழுதினார். கொடுத்தவர் பேர் என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதி, என்னிடம் காட்டினார்.

அடுத்த ஞாயிறு செபமாலை முடிந்ததும் எல்லாரையும் உட்காரச் சொல்லி, நின்றபடியே சொன்னேன். பயந்தது, மறைத்தது, எதையும் விடவில்லை. கடைசியில் அந்தோணியம்மாள் எழுந்தாள். "உங்க புள்ள உள்ள வந்துரும். எம்புள்ள அங்கயே தனியாக் கெடக்கோணுமுங்களா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை. அவள் பிள்ளைக்கு யாரும் தண்ணீர் ஊற்ற நேரம் கிடைக்கவில்லை. சட்டப்படி அதற்கு உள்ளே இடமில்லை. உன் அப்பா தலைகுனிந்து நின்ற அதே இடத்தில் நானும் நின்றேன். அப்போது அவள் புருஷன்தான் சொன்னார்: "குழியத் தோண்ட வேண்டாமுங்க. வேலியத் தள்ளி நட்டாப் போதுமுங்க." ஒருவர் விடாமல் சரி என்றார்கள். ஆட்சேபம் சொல்லும் அந்தப் பெரியவர் கூட.

சாமியார் அடுத்த தடவை வந்தபோது அவரிடம் சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டே, "இடத்தை மந்திரிச்சுத் தர்றேன். நீங்க வேலியை எங்க நட்டீங்கன்னு நான் கயிறு போட்டு அளக்க மாட்டேன்" என்றார். பக்கத்துக் காட்டுக்காரர், அறப்பளீசுவரர் கோயிலுக்கு வருஷம் தவறாமல் போகிறவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எத்தன கம்பு வேணுமுங்க?" என்று மட்டும் கேட்டார். மிளகுக்கொடி ஏற்ற வைத்திருந்த முள்முருங்கையை வெட்டிக் கொடுத்தார். பழைய வேலியைப் பிடுங்கி, இரண்டு மேட்டையும் சுற்றிப் புது வேலி நட்டோம். மழை ஈரத்தில் ஒவ்வொரு கம்பும் தளிர்விட ஆரம்பித்திருக்கிறது.

நிருபம் வாசிப்பதும் வாசிக்காததும் உன் இஷ்டம். ஆனால் உன் அப்பா பேரைச் சொல்லி மறுக்காதே. மறுப்பதாக இருந்தால் என் பேரைச் சொல்லி மறுத்துவிடு. தப்பே செய்யாதவர்கள்தான் பீடத்தருகே நிற்க வேண்டும் என்றால் இந்த மலையில் மணி அடிக்க ஆள் இருந்திருக்காது. உன் அப்பாவின் குரல் உனக்கு இருக்கிறது, நல்லவேளை சுருதி என்னுடையது. நீ தமிழில் வாசிப்பதைக் கேட்க அவர் இருந்திருந்தால், பெருமை தாங்காமல் பக்கத்தில் நிற்கிறவர் கையைக் கிள்ளியிருப்பார்.

உன் தங்கை இருக்கும் பக்கத்தில் ஒரே ஒரு கம்புக்கு இடம் விட்டிருக்கிறேன். அந்தக் கம்பைக் கோயில் நிழலில் ஈரச் சாக்கு போட்டு வைத்திருக்கிறேன். அதிக நாள் தாங்காது. என் மேல் கோபம் இருந்தால் கோபத்தோடேயே வா. கோபத்தோடு நட்டாலும் முள்முருங்கை தளிர்க்கும். நட்டுவிட்டு என்னோடு பேசாமல் திரும்பிப் போனாலும் சரி. அந்த இடைவெளி வழியாக ஊர் ஆடெல்லாம் உள்ளே நுழைகிறது. அடைத்துவிடலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நான் விடவில்லை. காலையில் ஒரு தடவையும் சாயங்காலம் ஒரு தடவையும் போய் நானே விரட்டிவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று கீழே பாதையைப் பார்க்கிறேன், கண்ணு.

உன் அம்மா